இரவல் பெட்டி

தையல் மெஷின் மெக்கானிக்குக்குச் சட்டை ஆலையில் வைத்திருந்த பட்டப்பெயர் பூட்டு. அவரோடே ஆலைக்கும் வீட்டுக்கும் போய் வருகிற பச்சை இரும்புப் பெட்டியில் எப்போதும் ஒரு பூட்டு தொங்கும். அதிலிருந்து ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கிய ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வாங்கிய பேரைக் காப்பாற்றுகிற மாதிரி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வார்.

அதற்காக அவரைக் கஞ்சன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கேட்டவருக்கு இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. அந்த ஆலை மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு இரண்டு பெட்டி. ஒன்று தன் கைக்கு, இன்னொன்று கேட்கிற கைக்கு. தன் கைக்கானது வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. கேட்கிற கைக்கானது நடைபாதைக் கடையில் மொத்தமாகப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து விற்பது. தொலைந்தால் தொலையட்டும், உடைந்தால் உடையட்டும். நட்பும் கெடாது, நல்ல சாமானும் கெடாது. இந்த வழக்கத்தை அண்ணன் தம்பிகளெல்லாம் கற்றுக்கொண்டால் உலகத்தில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

பூட்டின் இரவல் பெட்டி சிவப்பு நிறம். ஆலையைவிட அக்கம்பக்கத்தில்தான் கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் அது வீட்டிலேயே, கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூடியில் தங்க எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: ‘ஆயுட்கால உத்தரவாதம்’. யாருடைய ஆயுள் என்று போடவில்லை.

இந்தக் கதையெல்லாம் அவர் மனைவிக்குத் தெரியாது.

இருவருக்கும் அது இரண்டாம் கல்யாணம். இருவருக்குமே தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகு நடந்தது. அவள் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். காது உடைந்த கண்ணாடிக்குக் காது வைப்பது, கழன்ற திருகைப் போடுவது, கோணிய பிரேமை நிமிர்த்துவது எல்லாம் அவள் கையில்தான். முதல் கணவர் போன பிறகு பல வருஷம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, ஒரு வேளை சோறு குறைத்ததில்லை. ஆனாலும் கத்தரிக்கோல் வேண்டுமென்றால், “அண்ணி, எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, “வச்சுட்டேன் அண்ணி” என்று சொல்லவும் வேண்டும். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. சொல்லாமல் எடுத்தால் தனக்கே கூசும். அவ்வளவுதான்.

கல்யாணமான முதல் வாரம், சமையலறை அலமாரியின் கதவு ஒரு காலில் நின்றுகொண்டிருந்தது. மெக்கானிக் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

“ஏங்க, வீட்டுல ஸ்க்ரூட்ரைவர் ஏதாச்சும் இருக்கா?”

“கட்டிலுக்கு அடியில செவப்புப் பெட்டி இருக்கு பாரு. எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டாள். கதவு நிமிர்ந்தது. அடுத்த முறை வேண்டியிருந்தபோது கேட்காமலே எடுத்தாள். அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இதில் என்ன பெரிய சந்தோஷம் என்று கேட்பவர்கள், பல வருஷம் கத்தரிக்கோலுக்கு அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெட்டியிலிருந்த சாமான்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். கழுதைக்குப் பேர் முத்துமாலை என்கிற ரகம். ஸ்க்ரூடிரைவர்களின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருந்தது. அழுத்தித் திருப்பினால் திருகின் பள்ளத்திலிருந்து ஏறி ஏறி வெளியே வந்தது. பிளையரைத் திறக்க ஒரு ஆள், மூட ஒரு ஆள் வேண்டும். சுத்தியலின் ரப்பர் பிடி ஒரு நாள் ஆணியை ஓங்கும்போது கழன்றுகொள்ள, தலையும் தண்டும் பறந்து போய் வாளியில் விழுந்தன. பிடி மட்டும் பத்திரமாக அவள் கையில் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மட்டமான இரும்பில் ஒரு நன்மை உண்டு, அரத்துக்கு உடனே மசியும். ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவர் முனையையும் ராவி, சரிவை எடுத்து, நடுவில் லேசாகக் குழித்து, கண்ணாடிக் கடைச் சாணைக்கல்லில் கடைசியாக இரண்டு இழுப்பு இழுத்தாள். பிறகு அது திருகுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பிளையரின் மூட்டில் எண்ணெய் விட்டு, டிவி பார்க்கும்போதெல்லாம் திறந்து மூடித் திறந்து மூடி வழிக்குக் கொண்டுவந்தாள். பிடிகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாள். திருகி அகலப்படுத்துகிற ஸ்பேனர் மட்டும் எந்த வைத்தியத்துக்கும் அடங்கவில்லை. தகரத் துண்டு வைத்துப் பார்த்தாள், அப்போதும் நழுவி அவள் விரல் முட்டியின் தோலை உரித்தது. அதையும் சுத்தியலையும் பெட்டியிலிருந்து தள்ளிவைத்துவிட்டாள். சுத்தியல் மட்டும் புதிதாக, நல்லதாக, தன் சம்பளத்தில் வாங்கினாள். பறக்கிற சாமானோடு விளையாடக் கூடாது என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைத் தேநீரின்போது இதைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம் நடக்கும்.

“அந்தச் சாமான்ல வேலை செஞ்சா வேலையும் கெடும், கையும் கெடும்” என்பார் மெக்கானிக்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“கூடம் நெசமாவே கோணலா இருந்தா அவ என்ன செய்வா?”

அவள் சிரித்துவிட்டாள். “சரி, நீங்க ஆலையில ஒரு நாளைக்கு எத்தனை திருகு திருப்புவீங்க? இங்க மாசத்துக்கு ரெண்டு. ரெண்டு திருகுக்குத் தங்கத்துலயா ஸ்க்ரூட்ரைவர் வாங்குவாங்க?”

“வீட்டுக்குச் சரி. வயித்துப்பாட்டுக்கு ஆகாது.”

“வீட்டுக்குத்தானே நானும் சொல்றேன்.”

வீட்டுக்கு என்ற சொல்லை அவள் எவ்வளவு ஆசையாகச் சொன்னாள் என்பது அவர் காதில் விழவில்லை. ஆண்களின் காது ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் மந்தம்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படிப் போனது. நடுவில் யாராவது கேட்டு அவர் பெட்டியைக் கொடுப்பதைப் பார்த்தாலும், வீட்டுச் சாமானை எல்லோரும்தானே இரவல் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு விடுமுறை நாள் காலையில் மெக்கானிக் வெளியே போயிருந்தார். மாடி வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஆள் தங்கமானவர், வாய்தான் கொஞ்சம் பிரேக் இல்லாத வண்டி.

“அண்ணி, அண்ணன் இல்லையா? பரவால்ல. அந்த இரவல் பெட்டியைக் கொஞ்சம் குடுங்க, சாயந்தரம் தந்துடறேன்.”

“எந்தப் பெட்டி?”

“அதான், செவப்புப் பெட்டி. யார் கேட்டாலும் அண்ணன் தூக்கிக் குடுப்பாரே! தொலைஞ்சா கவலை இல்லன்னு அதுக்குன்னே வாங்கி வச்சிருக்காராம். பச்சைப் பெட்டியைத் தொட விடுவாரா மனுஷன்? அவர் பேரே பூட்டாச்சே!” மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். கதவைச் சாத்திவிட்டு அப்படியே நின்றாள்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியில் வருகிறவளுக்கு அது இரவல் சேலை என்றாவது தெரியும். இவளுக்கு அதுவும் தெரியவில்லை. ஒரு வருஷமாக, தொலைந்தால் கவலை இல்லாத ஒரு பெட்டியை வீட்டுப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு அதற்கு எண்ணெய் விட்டு, டியூப் சுற்றி, டிவி பார்த்துக்கொண்டே பழக்கியிருக்கிறாள். முதல் வாரத்தில் அவர் ‘எடுத்துக்கோ’ என்றது மனைவியிடம் சொன்னது இல்லை. கதவைத் தட்டுகிற எல்லோரிடமும் சொல்வது. அப்படியானால் இந்த வீட்டிலும் அவள் கேட்டு வாங்குகிற ஆள்தான். அண்ணன் வீட்டிலாவது அதை அவளிடம் யாரும் மறைக்கவில்லை.

சாயந்தரம் பெட்டி திரும்பி வந்தது. அவள் ராவி வைத்திருந்த ஸ்க்ரூடிரைவர்களில் ஒன்று முனையில் வளைந்திருந்தது. மாஸ்டர் அதை நெம்புகோலாக்கிப் பெயிண்ட் டப்பா திறந்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரவல் பெட்டியிலிருக்கும் சாமானை வேறு எப்படிப் பிடிப்பார்கள்?

அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில், அவர் படுக்கிற பக்கமாகத் தள்ளி வைத்தாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சண்டை போடத் தெரியாதவள் இல்லை. கேட்டு, அவர் ‘ஆமாம், அதனால் என்ன’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அதன் பிறகு வீடு மெல்ல மெல்லக் கழன்றது. குளியலறைத் தாழ்ப்பாள் ஆடியது. ஜன்னல் கொக்கி தொங்கியது. சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அவள் அதற்கு அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். தாளம் தவறாமல் சொட்டுகிற அந்தக் குழாயை மெக்கானிக் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார்.

“குழாய் சொட்டுதும்மா.”

“ஆமாங்க.”

“நீ பாக்கலையா?”

“வீட்டுக்காரங்கதான் பாக்கணும்.”

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பதிலில் ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. மெஷின் சத்தம் மாறினால் எந்தத் திருகு என்று சொல்லிவிடுகிற மனிதர்தான். வீட்டுச் சத்தத்துக்கு அந்தப் பழக்கம் போதவில்லை.

பச்சைப் பெட்டியைத் திறந்தார். அதிலிருந்ததெல்லாம் தையல் மெஷினுக்கானவை. ஊசித் தண்டுக்கு ஒன்று, பாபினுக்கு ஒன்று என்று பொன்வேலைக்காரன் சாமான் மாதிரி. குழாயின் கைப்பிடித் திருகுக்குப் பொருந்துகிற அளவில் ஒன்றுகூட இல்லை. பொருந்துகிற மாதிரி இருந்த ஒன்றையும் ஈரத்தில் விட அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சிவப்புப் பெட்டியை இழுத்தார்.

அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கண்ணோரத்தில் பார்த்தாள்.

வேலைக்கு எடுக்கும்போதும் வேலை முடிந்து வைக்கும்போதும் சாமானை விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்ப்பது மெக்கானிக்கின் பழக்கம். சிவப்புப் பெட்டிக்கு அந்த மரியாதை கிடைத்ததே இல்லை, தூக்கிக் கொடுப்பார், திரும்பி வந்தால் காலாலேயே உள்ளே தள்ளுவார். இன்றைக்கு வேலை செய்ய எடுத்ததால் பழக்கதோஷத்தில் விளக்குக்கு அடியில் பிடித்தார். பிடித்தவர் கையை இறக்கவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பிளையரை இரண்டு விரலால் திறந்து மூடினார். டியூப் சுற்றிய பிடியைத் தடவிப் பார்த்தார்.

“இதை யாரு ராவினது?”

“நான்தான்.”

“மெஷின்லயா?”

“கையில.”

“நடுவுல குழிவா எடுத்திருக்கியே.”

“இல்லாட்டி ஏறி ஏறி வெளிய வருது.”

அவர் தலையாட்டினார். ஆலையில் அடுத்தவன் வேலையைப் பார்த்துத் தலையாட்டுகிறவர் இல்லை அவர். வளைந்ததை எடுத்தார். “இது ஏன் இப்படி?”

“அது நான் செய்யல. மாஸ்டர் பெயிண்ட் டப்பா தொறந்தாரு.” கொஞ்சம் பொறுத்து, “இரவல் பெட்டிதானே” என்றாள்.

குழாய் சொட்டியது. மெக்கானிக்குக்கு இப்போது எந்தத் திருகு என்று தெரிந்துவிட்டது.

“யாரு சொன்னா?”

“யார் சொன்னா என்ன? நெசம்தானே?” அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது தானாக வந்தது. “யார் யாரோ கதவைத் தட்டிக் கேக்கறாங்க, குடுக்கறீங்க. வேணாங்கல. ஆனா நான் கதவைத் தட்டிட்டு வந்தவளா? உள்ள இருக்கறவளுக்கும் அதே பெட்டிதானா? எனக்குப் பச்சைப் பெட்டி வேணாம். அதைத் தொடக்கூட ஆசை இல்ல. இது வீட்டுதுன்னு நெனச்சேன், அவ்வளவுதான். ஒரு வருஷமா இது வீட்டுதுன்னு நெனச்சேன்.”

மெக்கானிக் பெட்டியின் மூடியைச் சாத்தினார். பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்திருந்தால் அந்த நிமிஷம் பயன்பட்டிருக்கும்.

“கைப்பழக்கம்” என்றார் கடைசியில். “யாராவது கேட்டா வாய் அந்தப் பெட்டியைத்தான் சொல்லும். நீ கேட்டப்பவும் அதுவே சொல்லிடுச்சு. யாரு கேக்கறாங்கன்னு நான் திரும்பிப் பாக்கல.”

“பாத்திருக்கலாம்.”

“பாத்திருக்கணும்.”

அது மன்னிப்பு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் மனசு இறங்கவில்லை. சொல்லுக்கு என்ன, அது காசா பணமா? அவர் வளைந்த ஸ்க்ரூடிரைவரை இன்னும் கையில் வைத்திருந்தார்.

“இதை நிமித்தித் தரட்டுமா?”

கேட்டுவிட்டுத்தான் செய்யப் பார்க்கிறார் என்பதை அவள் கவனித்தாள்.

“வேணாம். நானே பாத்துக்கறேன்” என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் குழாய் சொட்டுவது நின்றது. தாழ்ப்பாளும் கொக்கியும் சரியாயின. எல்லாம் அவள்தான் செய்தாள், அவருக்காக இல்லை, சொட்டுகிற சத்தம் அவளுக்கும் பிடிக்காது. பேச்சு வார்த்தையும் பழையபடி நடந்தது. ஆனால் பெட்டி அவர் படுக்கிற பக்கத்திலேயே கிடந்தது. வேண்டும்போது எடுத்தாள், வேலை முடிந்ததும் அங்கேயே வைத்தாள். “வச்சுட்டேன்” என்று ஒரு முறை தன்னையறியாமல் சொல்லியும்விட்டாள். அதைக் கேட்ட மெக்கானிக்கின் முகம் சுருங்கியதை அவள் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவள் கட்டில் இருந்த உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் மெக்கானிக்.

“அண்ணே, வாஷிங் மெஷின் பைப் கழண்டு வீடெல்லாம் தண்ணி! கிளிப்பை அமுக்கி மாட்டணும், கைக்கு அடங்க மாட்டேங்குது. இரவல் பெட்டியைக் குடுங்க, சீக்கிரம்!”

அவள் கை மடிப்பின் நடுவில் நின்றது. இப்போது கட்டிலுக்கு அடியில் குனிவார். பத்து வருஷப் பழக்கம், குனியாமல் என்ன செய்வார்? குனிந்தால் அவர் தலை இந்த அறைக்குள்தான் வரும், அவள் கண்ணெதிரேதான் எடுக்க வேண்டும்.

அவர் வரவில்லை.

“அது இரவலுக்கு இல்ல மாஸ்டர்.”

“என்னண்ணே! செவப்புப் பெட்டியைச் சொல்றேன்.”

“நானும் அதைத்தான் சொல்றேன். அது என் வீட்டுக்காரியோடது. அவளே பாத்துப் பாத்துச் செஞ்சு வச்சிருக்கா. எனக்கே வேணும்னா அவகிட்ட கேட்டுத்தான் எடுக்கணும்.”

“அப்போ எனக்கு? தண்ணி போகுதுண்ணே!”

வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. பூட்டு திறக்கிற சத்தத்தை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், அடுத்தவருக்காகத் திறந்து கேட்டதில்லை.

“இந்தா” என்றார் மெக்கானிக். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. “நோஸ் பிளையர். வேலைக்குச் சேர்ந்தப்போ மொத சம்பளத்துல வாங்கினது. பாத்து.”

மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படியேறினார், இந்த முறை சத்தமில்லாமல்.

அவள் கதவோரமாக வந்து பார்த்தாள். மெக்கானிக் மாடிப்படிக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். திறந்து கிடந்த பச்சைப் பெட்டியில் நோஸ் பிளையர் இருந்த இடத்தை ஒருமுறை விரலால் தொட்டார். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது முகம்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கூடவே கண்ணாடிக்கடைக்காரியின் புத்தியும் வேலை செய்தது. வாஷிங் மெஷின் கிளிப் அகலமானது, முரட்டு ஸ்பிரிங். அதை அந்த மெல்லிய மூக்கால் பிடித்து நெரித்தால் மூக்கு கோணிவிடும். மாஸ்டர் கையில் அதற்கு இரண்டு நிமிஷம் போதும்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சிவப்புப் பெட்டியை இழுத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“எங்கம்மா?”

“மேலே. அந்தக் கிளிப்புக்கு வாய் அகலமா இருக்கற பிளையர் வேணும். உங்களோடது தாங்காது.”

“நீ எதுக்கு...”

“என் சாமான், என் வேலை” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

மேலே மாஸ்டர் நோஸ் பிளையரைக் கிளிப்பில் வைத்து அழுத்தப் போகிற நேரம். “விடுங்க, விடுங்க, நகருங்க” என்று அதை வாங்கி முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் பழக்கி வைத்த பிளையர், டியூப் சுற்றிய பிடியோடு, கிளிப்பின் இரண்டு காதையும் கவ்வியது. ஒரு அழுத்து, பைப்பை ஏற்றி ஒரு தள்ளு, கிளிப் உட்கார்ந்தது. தரையைத் துடைப்பது மாஸ்டர் பாடு. அதற்கும் சேர்த்து உதவ அவள் ஒன்றும் அன்னதானம் செய்ய வரவில்லை.

இறங்கி வந்தபோது மெக்கானிக் அதே படிக்குக் கீழேதான் நின்றிருந்தார். அவள் இடுப்பிலிருந்து நோஸ் பிளையரை எடுத்து அவர் கையில் வைத்தாள். இப்போது விளக்குக்கு அடியில் போவார், மூக்கை உரசிப் பார்ப்பார், ஒளி தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார் என்று காத்திருந்தாள்.

அவர் பார்க்கவில்லை. வாங்கிய கையோடு பச்சைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார். பிறகு அவள் பக்கம் கையை நீட்டினார்.

“உன்னோடது எங்கே? காட்டு.”

அவள் தன் பிளையரைக் கொடுத்தாள். அவர் அதை விளக்குக்கு அடியில் கொண்டுபோனார். வாயைத் திறந்து, மூடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடுக்கில் ஒளி தெரிகிறதா என்று பார்த்தார். மூட்டில் ஈரம் இருந்தது. தன் பெட்டியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். அந்தத் துணி மெஷின் ஊசியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அதை வைத்து மூட்டைச் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்தார்.

“ஒண்ணும் ஆகல” என்றார். “எங்க வைக்கணும்?”

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர் பக்கம் வேண்டாம், தன் பக்கமும் வேண்டாம் என்று தோன்றியது. சமையலறை அலமாரியில், முதல் வாரம் அவள் நிமிர்த்திய கதவுக்குப் பின்னால், கீழ்த்தட்டு காலியாக இருந்தது.

“அங்க வைங்க” என்றாள். “வீட்டுல யாருக்கு வேணும்னாலும் கை எட்டும்.”

அவர் பிளையரைச் சிவப்புப் பெட்டியில் போட்டு, பெட்டியை அங்கே வைத்துவிட்டு, “வச்சுட்டேன்” என்றார்.